உழைச்செல்வானும் செவிலி மாணவியரும்

அக இலக்கியங்களில் தலைவியை வளர்த்தெடுக்கும் தாய்க்குச் செவிலி என்று பெயர். அப்பெயரையே நோயாளரைப் பேணுவோர்க்கும் நாம் வழங்கி வருகிறோம். பொருத்தமான பெயர்தான். ஆயின் அப்பெயர் தாங்கப் பயிலும் இளைஞர்க்கு (ஆடவரும் பயில்கின்றனர் எனினும் பெரும்பான்மையோர் மாணவியரே) மருத்துவமனை வார்டுகளில் 'ஒழுங்கு' என்று கற்பிக்கப்படுவது யாது என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள் (950), மருத்துவத்தை நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என நான்கு கூறாக்குகிறது. நோயாளியின் அருகிருந்து பணி செய்பவனே உழைச்செல்வான். அவனுக்குரிய பண்புகளாகப் பரிமேலழகர் நான்கினைச் சுட்டுவார்: நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு. சொன்னதைச் செய்தலோடு உரையாசிரியர் நிறுத்தாமல் அறிவையும் உடன் வைத்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

நம் பயிற்சிக் களங்களிலோ மூன்றாவது பண்பே முழு ஒழுக்கமாகக் கருதப்படுகிறது. சீருடையின் மடிப்பு, தலைமுடியின் கட்டு, மூத்தோர் வரின் எழுந்து நிற்றல் ஆகியவற்றை நாம் இகழவில்லை. நகத்தைக் குறைத்தலும் வளையல், மோதிரம் களைதலும் கிருமியைத் தடுக்கும் காவல்கள். 1847ஆம் ஆண்டு வியன்னா மருத்துவமனையில், பிணவறையிலிருந்து மகப்பேற்று வார்டுக்கு வந்த மருத்துவர், மாணவர்தம் கைகளே தாய்மாரைக் கொல்லும் காய்ச்சலைச் சுமந்து வருவதாக உணர்ந்த செம்மல்வைஸ், குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. காரணம் அறிந்து கடைப்பிடிக்கும் ஒழுங்கின் பயன் அது.

நம் கவலை வேறு. இரத்த அழுத்தத்தை அளவாமலே, முந்தைய எண்ணையொட்டி ஓர் எண்ணைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிடும் மாணவியின் தொப்பி சற்றும் கோணியிராது. அந்த எண்ணை நம்பியே மருத்துவர் மருந்தின் அளவை முடிவு செய்வார். ஒரு படுக்கைக்குரிய ஊசியை மறு படுக்கைக்குப் போட்டுவிட்டவள், நோயாளிகள் முன்னிலையில் வசைபட நேருமே என்றஞ்சி வாய் மூடினால், மாற்று மருந்துக்குரிய நேரம் கழிந்துவிடும். பொய்யெழுதுதலைக் கடுமையாகக் கண்டித்தல் தகும். தானே வந்து பிழையைச் சொல்பவளை அவ்வாறு கண்டித்தல் தகாது. முதலில் நோயாளியைக் காக்க வேண்டும்; பின்னர்த் தனியே அழைத்து, பிழை எவ்வாறு நேர்ந்தது என உசாவ வேண்டும். அச்சத்தால் வளரும் பணிவு, பரிமேலழகர் சொன்ன மனத்தூய்மையைத் தின்றுவிடும் என்பது நம் கருத்து. ஐயம் எழும்போது 'இந்த அளவு சரிதானா, சிஸ்டர்?' என்று கேட்கும் மாணவியை 'எதிர்த்துப் பேசுகிறாள்' என்போரும் உளர். அவள் கேட்பதன்றோ அறிவு!

நோயாளியின் மறைவைக் காத்தலும் இவ்வொழுக்கத்தின் பாற்பட்டதே. திரையிடாது உடல் துடைத்தலும், கைப்பேசியில் வார்டினைப் படம்பிடித்தலும், பேருந்தில் நோயாளியின் பெயர் சொல்லிப் பேசுதலும் மன்னிக்கத்தக்கன அல்ல.

மகளிரைச் செவிலியர் கல்லூரிக்கு அனுப்ப முன்வரும் நம் பெரியோர், விடுதிக் கட்டுப்பாட்டைப் பற்றியே பெரிதும் விசாரிக்கின்றனர். விசாரிக்கட்டும். அத்துடன், வார்டில் ஒரு மாணவியின் பொறுப்பில் எத்தனை படுக்கைகள் விடப்படுகின்றன, இரவுப் பணியில் பயிற்றாசிரியை உடனிருக்கிறாரா, பிழை நேர்ந்தால் மாணவி யாரிடம் அச்சமின்றிச் சொல்லலாம் என்பவற்றையும் முதல்வரிடம் கேட்டறிதல் வேண்டும்.