முதல் துப்பாக்கி எது?

மாமாக் கடையில் உட்கார்ந்து 'மொத துப்பாக்கி கிளாக்கா, பெரெட்டாவா?' என்று அடித்துக்கொள்கிறோமே, அது அமெரிக்காக்காரன் கேள்வி. ஜார்ஜ்டவுனில் அதற்கு அர்த்தமே இல்லை.

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இங்கே ஏர் பிஸ்டல்கூட ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். 1971ஆம் ஆண்டுச் சட்டமோ, கொள்ளையடிக்கும்போது சுட்டால் குண்டு யார் மேலும் படாவிட்டாலும் 2023 வரை மரண தண்டனை வரை போனது.

அப்போ ஆசை இருக்கிறவன் என்ன செய்வது? கிளப்பில் சேரணும். பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்கணும். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, ஒற்றைக் கை, 75 நிமிடத்தில் 60 குண்டு. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். பெரிய துப்பாக்கியின் சத்தமும் உதைப்பும் புதியவனைக் கண்ணை மூட வைக்கும். தப்பு எங்கே என்று தெரியாது. ஏர் பிஸ்டலில் விசையை வெடுக்கென்று இழுத்தால் அட்டை உடனே காட்டிக்கொடுக்கும். இரைச்சல் குறைந்தால்தான் சிக்னல் தெரியும் என்பது எந்தப் பொறியாளனுக்கும் தெரிந்ததுதானே.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக ஏர் ரைஃபிள் சுட்டவர் நம்ம நாட்டு நூர் சுர்யானி தைபி. அந்தப் பொறுமையை நம் கதைகளில் எங்கே எழுதினோம்? தமிழ்ப் பையன் கையில் துப்பாக்கி என்றாலே கேங், பழி, பிணம். வெளியே நம்மைப் பற்றிச் சொல்லப்படுவதை நாமே அச்சடித்துக் கொடுக்கிறோம். மூச்சை அடக்கி அட்டையைப் பார்க்கிற ஒரு பையனையும் எழுதுங்கப்பா.