சுராங்கனி யாரு பாட்டு?

நம்ம திண்டுக்கல் பக்கம் திருவிழா ஆர்கெஸ்ட்ராவுல ‘சுராங்கனி’ ஆரம்பிச்சா பெருசுங்ககூட எந்திரிச்சு ஆடுதுங்க. யார் பாட்டுன்னு கேட்டா, "இளையராஜா பாட்டுப்பா" என்பார்கள். 1977-ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் ராஜா போட்டது வாஸ்தவம்தான். ஆனால் அதற்கு முன்பே இலங்கையில் ஏ.ஈ.மனோகரன் பாடிப் பட்டையைக் கிளப்பிய பாட்டு அது. போர்த்துகீசியர் வழியா வந்த பைலா தாளம், சிங்களமும் தமிழும் கலந்த வரிகள். ‘மாலு’ன்னா சிங்களத்தில் மீன். (பொண்ணு பேருன்னு நினைச்சவங்க கையைத் தூக்கலாம்!)

ராஜா மேல எனக்குக் கோபமில்லை. ரீமிக்ஸ் பண்ணுங்க, கானாவாக்குங்க, தப்பே இல்லை. கடலோரப் பாட்டு ஊர் ஊராப் போகத்தான் செய்யும். ஆனா மேடையில் படம் பேரை மட்டும் சொல்றது என்ன நியாயம்? மனோகரன் இங்கேயே வந்து தமிழ்ப் படங்களில் நடித்து, 2018 ஜனவரியில் சென்னையில்தான் இறந்தார். மைக் பிடிக்கிற அண்ணன்மாரே, அடுத்த கச்சேரியில் அவர் பேரையும் ஒரு தடவை சொல்லுங்கண்ணே.