இரயிலில் ஏறாத பெட்டி மிதிவண்டி



நெதர்லாந்தில் கார் இல்லாத குடும்பங்களுக்குக் கைகொடுப்பது, முன்புறம் பெரிய பெட்டி பொருத்திய மிதிவண்டி. ‘பாக்ஃபீட்ஸ்’ என்பது அங்கே அதன் பெயர். இரண்டு மூன்று குழந்தைகளைப் பெட்டிக்குள் அமர்த்தி, ஜும்ஆவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் தாயோ தந்தையோ மிதித்துச் சென்றுவிடலாம். பெருநாளன்று உறவினரைக் காண வேறு நகரம் செல்வதுதான் சிக்கல். அந்நாட்டு இரயில்வே இவ்வண்டியை ஏற்றுவதில்லை. சாதாரண மிதிவண்டிக்கே தனிக் கட்டணம் உண்டு; ஜூலை, ஆகஸ்ட் நீங்கலாக, வேலை நாட்களில் காலை 6.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் அதற்கும் அனுமதியில்லை.

இதனை ஏழைகளுக்கு இழைக்கும் அநீதி என்போர் உளர். (ஏழைகள் என்பது சற்று மிகை, மின்விசையில் ஓடும் புதிய பெட்டி வண்டியின் விலைக்குப் பழைய கார் ஒன்றே கிடைக்கும்.) எனக்கு இத்தடை நியாயமாகவே படுகிறது. ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமுள்ள வண்டி இரயிலின் வாசலருகே நின்றால், சக்கர நாற்காலியில் வருபவர் எங்கே செல்வார்? பாதையிலுள்ள இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாகக் கற்பித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். நம் வசதிக்காக நாமே இடையூறாகிவிடலாகாது.

ஆயினும், ஏற்ற மறுப்பதோடு இரயில்வேயின் கடமை முடிந்துவிடாது. உட்ரெக்ட் நிலையத்தில் 12,500 மிதிவண்டிகளுக்கான நிறுத்துமிடம் உண்டு. முதல் 24 மணி நேரம் கட்டணமில்லை. பெரிய வண்டிகளுக்கும் இடம் ஒதுக்கியுள்ளனர். சிறிய நிலையங்களின் குறுகிய தாங்கிகளிலோ இந்தப் பெட்டி நுழையாது. இறங்கும் ஊரிலும் இதே குறைதான். நிலையங்களில் வாடகைக்குக் கிடைக்கும் ‘ஓவி ஃபீட்ஸ்’ பெரியவர் ஒருவர் ஓட்டும் சாதாரண வண்டி. மூன்று குழந்தைகளுடன் வந்திறங்கும் தாய்க்கு அதனால் என்ன பயன்? இந்த இரண்டு மைல் இடைவெளிக்காகவே குடும்பம் கார் வாங்குகிறது. வாங்கிய கார் வாசலில் சும்மா நிற்பதில்லை. அடுத்த தெருவுக்கும் அதுவே என்றாகிவிடுகிறது.

ஆகவே, இரயிலில் இடம் கேட்பதைவிட, நிலையத்தில் பூட்டி வைக்க இடமும், இறங்கும் ஊரில் வாடகைக்குப் பெட்டி வண்டியும் கேட்பதே பொருத்தம். அங்கு வாழும் நம்மவர் நகராட்சியிடம் இதனை எழுத்தில் கேட்கலாம். பெருநாள் காலையில் கார்களால் தெரு அடைபடும் பள்ளிவாசல்களின் நிர்வாகத்தினரும், தம் வளாகத்திலேயே நான்கைந்து பெட்டி வண்டிகளுக்குக் கோடு போட்டு இடம் ஒதுக்கலாம். அதற்கு எவருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.