கோடு வாசிச்சால்தான் கிற்றாரோ?

கிற்றார் பழக வந்த பிள்ளையின் கையில் முதல்நாளே ஐந்து கோட்டுத் தாளைத் திணிக்கிறார்கள். மூன்று மாதமாகியும் ஒரு பாட்டு வராது. கிற்றார் அலுமாரிக்கு மேலே போய்விடும். நோட்ஸ் தெரியாதவன் கலைஞனே இல்லை எண்டு வேற கதை. அப்ப ஜிமி ஹென்ரிக்ஸ் ஆர்? போல் மக்கார்ட்னி ஆர்? இரண்டு பேருக்கும் தாள் வாசிக்கத் தெரியாது.

முதலாம் தந்தியைச் சும்மா மீட்டினால் வருகிற அதே ‘ஈ’, இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃபிரெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9ஆம் ஃபிரெட்டிலும் இருக்கு. எங்கே பிடிக்கிறது? கோடு பெரும்பாலும் சொல்லாது; ‘டாப்’ சொல்லும். அதை இன்டர்நெற் சோம்பேறித்தனம் எண்டு நக்கலடிக்கிறவைக்கு ஒரு தகவல்: கிற்றாரின் உறவு வாத்தியமான விகுவேலாவுக்கு லூயிஸ் மிலான் 1536இல் அச்சிட்ட நூலே டாப்தான்.

கிளாசிக்கல் பக்கம் போறவை தாள் வாசிக்கத்தான் வேணும். மறுக்கேல்லை. நாங்கள் கேட்கிறது இவ்வளவுதான்: முதல் மாதம் ஜீ, சீ, டீ கோர்ட்ஸைக் காட்டிக்குடுங்கோ, பிள்ளை ஒரு பாட்டை முழுசாப் பாடி வாசிக்கட்டும்.