விரலுக்குத் தெரிய வேண்டிய காசு

1957 ஏப்ரல் 1 அன்று, 16 அணாவாக இருந்த ரூபாய் 100 நயா பைசா ஆனது. அப்போது வெளியிட்ட சில்லறைக் காசுகளை இன்று கையில் எடுத்துப் பார்த்தாலும் வியப்பாக இருக்கிறது. ஐந்து பைசா, முனை மழுங்கிய சதுரம். இரண்டு பைசாவுக்கும் பத்து பைசாவுக்கும் அலையலையான விளிம்பு. ஒன்று சிறியது, மற்றது பெரியது. பின்னர் 1964-ல் வந்த மூன்று பைசா, அறுகோணம். வெள்ளையர் காலத்து ஓரணாவுக்கும் அலைவிளிம்புதான், இரண்டணாவும் சதுரம்தான். மன்னர் தலை போய் அசோகச் சிங்கம் வந்த பிறகும் அந்த நல்ல வழக்கத்தை நம்மவர்கள் கைவிடவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் கண் தெரியாதவரும் மடியைத் தடவியே எண்ணிக் கொடுத்தார்கள். காசின் முதல் வேலை அதுதான் என்பது என் கட்சி. அதில் என்ன படம் போடுவது என்பதெல்லாம் அப்புறம்.

எவர்சில்வர் காலத்தில் இந்த வரிசை தலைகீழானது. 1990-களில் புழங்கிய பதினொரு பக்க இரண்டு ரூபாய், அடுத்த பத்தாண்டில் வட்டமானது. 2007-ல் கை முத்திரை பொறித்த ஒரு ரூபாய் வந்தது: 25 மில்லிமீட்டர் அகலம், 4.85 கிராம் எடை. 2011-ல் ரூபாய்க் குறியீட்டோடு வந்த இரண்டு ரூபாய்க்கும் அதே அகலம், அதே எடை, அதே உலோகம். மதிப்பு மட்டும் இரட்டிப்பு! பேருந்தின் மங்கிய வெளிச்சத்தில் கண்டக்டரே தடுமாறுகிறார் என்றால், பார்வையற்ற பயணி என்ன செய்வார்?

உலோக விலை ஏறும்போது காசு சிறுக்கத்தானே வேண்டும் என்பார்கள். சிறுக்கட்டும். 1960-களில் ஐந்து பைசாவைச் செம்பு-நிக்கலிலிருந்து அலுமினியத்துக்கு மாற்றியபோதும் சதுரம் சதுரமாகவே இருந்தது. செலவைக் குறைக்க வடிவத்தைப் பலி கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு நம் அரசே சாட்சி. 2019-ல் பார்வையற்றோரை மனத்தில் வைத்தே புது வரிசை வந்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கும் பாதி நியாயம் உண்டு. மதிப்பு ஏற ஏற எடை ஏறுகிறது; பத்து ரூபாய் வரை அகலமும் ஏறுகிறது. இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம். மனமாரப் பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் கல்லாப்பெட்டியில் புது வரிசை மட்டுமா கிடக்கிறது? 2019-ன் இரண்டு ரூபாய் 23 மில்லிமீட்டர். 2011-ன் ஐந்து ரூபாயும் 23. 2019-ன் ஐந்து ரூபாய் 25. 2011-ன் இரண்டு ரூபாயும் 25. நிறத்தைக் கண்ணால் பார்ப்பவருக்கு இது சிக்கலே இல்லை. யாருக்காகச் செய்தார்களோ அவர்களுக்குத்தான் சிக்கல்.

எல்லாரும் செல்போனில் பணம் அனுப்பும் காலத்தில் இது எதற்கு என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இன்னும் சில்லறையை நம்பியிருப்பவர்களில் பலர் முதியவர்கள், கைபேசித் திரை கைவராதவர்கள். அடுத்த வரிசையில் இரண்டு ரூபாய்க்கு அதன் பதினொரு பக்கத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். புதுக் காசோடு அளவில் மோதும் பழைய காசுகளை வங்கிகள் வழியாகவே மெல்லத் திரும்பப் பெறலாம். கெடு எதுவும் வைத்து மக்களை வரிசையில் நிறுத்த வேண்டாம்.