நமது அரசுச் சின்னமும் அதன் அடியில் உள்ள எழுத்தும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

நமது நாட்டின் அரசுச் சின்னத்தைக் காணாத நாள் நமக்கு இல்லை. கடைக்குக் கொண்டு போகும் ஐந்து ரூபாய் நாணயத்தில் அது இருக்கிறது. அப்பாவின் சட்டைப் பையிலுள்ள நோட்டில் இருக்கிறது. ஆதார் அட்டையிலும், பாஸ்போர்ட்டின் மேலட்டையிலும் இருக்கிறது. ஆயினும், "அதில் என்ன இருக்கிறது?" என்று யாரையேனும் கேட்டுப் பாருங்கள். "மூன்று சிங்கம்" என்றே பதில் வரும். சிங்கத்தைக் கண்டதும் நம் கண் நின்று விடுகிறது. கீழே உள்ள எழுத்துக்கு இறங்குவதில்லை. அந்த எழுத்துதான் சின்னத்தின் உயிர் என்பது என் கருத்து. அதை என் தோழியருக்கும், இம்மலரைப் படிக்கும் பெற்றோருக்கும் பணிவுடன் எடுத்துக் கூற விரும்புகிறேன்.

முதலில் சிங்கங்களின் கதையைச் சொல்லி விடுகிறேன். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டனர், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்று வென்ற அரசனே கல்லில் வெட்டி வைத்தான். தன் வெற்றிக்காக வருந்திக் கல்வெட்டு எழுதிய மன்னர்கள் உலகில் மிகச் சிலரே. அந்த அசோகன் கி.மு. 3 ஆம் நூற்றாண்டில், புத்தர் முதன்முதலில் போதித்த இடமாகிய சாரநாத்தில் ஒரு கல்தூணை நாட்டினான். காலப் போக்கில் தூண் உடைந்து மண்ணுக்குள் போயிற்று. 1904-05 ஆம் ஆண்டுகளில் ஓர்ட்டல் என்னும் பொறியாளர் அங்கே அகழ்ந்தபோதுதான் தூணின் தலைப்பகுதி வெளிப்பட்டது. ஏறத்தாழ ஏழடி உயரம். கண்ணாடி போன்ற மெருகு. இன்றும் சாரநாத் அருங்காட்சியகத்தில் அது உள்ளது.

உண்மையில் சிங்கங்கள் நான்கு. முதுகோடு முதுகு ஒட்டி நான்கு திசையையும் நோக்கி நிற்பதால், படத்தில் நான்காவது சிங்கம் மறைந்து விடுகிறது. அவற்றின் காலடியிலுள்ள வட்டப் பீடத்தில் யானை, குதிரை, காளை, சிங்கம் ஆகிய நான்கும் செதுக்கப்பட்டுள்ளன, இடையிடையே சக்கரங்கள். இவற்றில் குதிரையும் காளையும் மட்டும் நம் சின்னத்தில் தெரிகின்றன. பீடத்துக்குக் கீழே மணி வடிவத் தாமரை ஒன்று உண்டு. சின்னத்தில் அதைச் சேர்க்கவில்லை. இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் ஆலயங்களில் நற்செய்தியாளரின் அடையாளங்களாகச் சிங்கத்தையும் காளையையும் பார்க்கிறோம். சிங்கம் புனித மாற்குவுக்கு, காளை புனித லூக்காவுக்கு. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லைதான். இருந்தாலும் அப்பீடத்தின் படத்தை முதலில் பார்த்தபோது பழகிய முகங்களைக் கண்டது போல் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. சாரநாத்தில் அச்சிங்கங்களின் தலைக்கு மேல் பெரிய தர்மச் சக்கரம் ஒன்று இருந்தது. இன்று அதன் உடைந்த துண்டுகளே எஞ்சியுள்ளன. அப்படியானால் அந்தச் சிங்கங்கள் எதற்கு நின்றன? தம் வீரத்தைக் காட்டவா? இல்லை, அறத்தைச் சுமக்க நின்றன. பேரரசனின் வலிமைக்கு மேலே ஒன்று இருக்கிறது என்று அத்தூண் சொல்லிற்று. சின்னத்தில் அந்த மேல் சக்கரம் இல்லை. அதன் வேலையை இப்போது அடியிலுள்ள எழுத்து செய்கிறது என்றே நான் கருதுகிறேன்.

நம்மை ஆண்ட ஆங்கிலேய மன்னரின் முத்திரையிலும் ஒரு சிங்கம் இருந்தது. எதிரே ஒற்றைக் கொம்புக் குதிரை, நடுவே கேடயம், மேலே கிரீடம். அதன் கீழே பிரெஞ்சு மொழியில் எழுதியிருந்ததன் பொருள், "கடவுளும் என் உரிமையும்" என்பது. "என் உரிமை" என்று அங்கே பேசுபவர் அரசர். 1950 ஜனவரி 26 அன்று குடியரசான நம் நாடு, கிரீடத்தை விட்டு அசோகனின் சிங்கங்களை எடுத்துக் கொண்டது. வாசகத்தை முண்டக உபநிடதத்திலிருந்து எடுத்துத் தேவநாகரி எழுத்தில் பொறித்தது: "சத்யமேவ ஜயதே". இவ்வாசகத்தில் "நான்" இல்லை, "என்" இல்லை. வெல்வது அரசரும் அல்லர், அரசும் அன்று.

இதற்கென 2005 இல் ஒரு சட்டமும் வந்தது. அதன்படி அவ்வாசகம் சின்னத்தின் ஒரு பகுதியே ஆகும்; எழுத்தை விட்டு விட்டுச் சிங்கத்தை மட்டும் போட்டால் அது முழுச் சின்னம் ஆகாது. முறைகேடாகப் பயன்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சொந்தக் காரிலும் வீட்டு வாசலிலும் சிங்கத்தை ஒட்டிக் கொள்கிறவர்கள் இதை அறிந்தால் நல்லது.

நம் தமிழ்நாட்டு அரசின் முத்திரை 1949 இல் உருவானது. வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ். முன்னே அசோகச் சிங்கங்கள், இருபுறமும் தேசியக் கொடி, பின்னே கோபுரம். அது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரம் என்பாரும், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பாரும் உளர். கோயில் கோபுரம் அரசு முத்திரையில் இருக்கலாமா, கிறிஸ்தவர்களாகிய நமக்கு அது சங்கடமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குச் சங்கடம் இல்லை. சிங்கங்கள் பௌத்தரிடமிருந்து வந்தவை. வாசகம் உபநிடதத்திலிருந்து வந்தது. கோபுரம் தமிழ்ச் சிற்பியின் உளியிலிருந்து வந்தது. பிறந்த வீட்டின் பெயரை அழிக்காமலே எல்லோருக்கும் உறவாகி விட்டவை இவை. ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் முத்திரையும் மாறி விடுகிறது. அங்கே மைசூர் மன்னர்கள் விட்டுச் சென்ற இருதலைப் பறவையாகிய கண்டபேருண்டம். ஆனால் அதற்கும் மேலே வீற்றிருப்பவை அதே சாரநாத் சிங்கங்கள்தாம்.

அசோகன் வடநாட்டான், அவனுக்கும் மத்தூருக்கும் என்ன என்று கேட்கலாம். கர்நாடகத்தில் சித்ரதுர்க்கா மாவட்டத்துப் பிரம்மகிரி வரை அவன் கல்வெட்டுகள் கிடைக்கின்றன. தமிழகம் அவன் ஆட்சிக்கு உட்படவில்லை. தன் எல்லைக்கு அப்பால் உள்ளவர்கள் என்று சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் "சத்தியபுத்திரர்" என்ற ஒரு குலத்தையும் அவன் குறிப்பிடுகிறான். யார் இந்தச் சத்தியபுத்திரர் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். 1981 இல் திருக்கோவலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் ஒரு பழந்தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அதில் "சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி" என்று பெயர் இருந்தது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அதியமான்! தகடூர் என்னும் தருமபுரியில் இருந்து ஆண்ட அவன் குலத்தின் நாட்டில்தான் நம் கிருஷ்ணகிரிச் சீமையும் அடங்கும். அந்தச் சத்தியபுத்திரர் நாட்டுக்கு அசோகன் படை அனுப்பவில்லை. மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ வசதி செய்ததாகவும், மூலிகைகளை அனுப்பி நடச் செய்ததாகவும் அவன் கல்வெட்டு கூறுகிறது. சத்தியத்தின் பிள்ளைகள் என்ற பொருள் தரும் பெயரோடு நம் ஊர்ப்பக்கத்தார் அவன் கல்வெட்டில் இருப்பதை எண்ணினால் பெருமையாக இருக்கிறது. கொஞ்சம் அச்சமாகவும் இருக்கிறது.

ஏன் அச்சம் என்று சொல்கிறேன். நம் மாநில முத்திரையில் அவ்வாசகம் "வாய்மையே வெல்லும்" என்று தமிழில் உள்ளது. உண்மை உள்ளத்தைச் சேர்ந்தது, வாய்மை வாயைச் சேர்ந்தது, மெய்மை மெய்யைச் சேர்ந்தது என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். உள்ளத்தில் உண்மை இருந்தால் மட்டும் போதாது; வாய் திறந்து சொல்லும்போது அது மாறாமல் வெளிவர வேண்டும். வள்ளுவர் இதற்கென்றே முப்பதாவது அதிகாரத்தை ஒதுக்கினார். நாம் மறைக்கல்வியில் படிக்கும் எட்டாம் கட்டளையும் பொய்ச்சான்று சொல்வதைத் தடுக்கிறது. இனி, நமக்கு வேண்டிய வருமானச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். மேலே முத்திரை, முத்திரையில் வாய்மை. கீழே ஒரு தொகை. அந்தத் தொகை எத்தனை வீடுகளில் மெய்யான தொகை?

"எல்லோரும் குறைத்துத்தான் எழுதுகிறார்கள்" என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம். இதை நான் எளிதாகத் தள்ளி விடவில்லை. ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் மறுமாதம் இருப்பதில்லை. மாங்கூழ் ஆலைகளில் பருவம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அவர்களுடைய ஆண்டு வருமானம் இவ்வளவு என்று அவர்களாலேயே திட்டமாகச் சொல்ல இயலாது. அவர்கள் தடுமாறி ஒரு தொகை சொன்னால் அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மாதாமாதம் சம்பளச் சீட்டு வாங்குகிறவர் அதை மறைத்து வைத்து விட்டு எழுதுவதையே சொல்கிறேன். உதவித்தொகைக்கு ஒதுக்கும் பணம் அளவுள்ளது. அதில் ஒரு பங்கை அவர் மகள் எடுத்துக் கொண்டால், வேறொரு மகளுக்கு அது இல்லாமற் போகும். அவளும் நம்மோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளாக இருக்கக் கூடும்.

எங்கள் வீட்டிலும் இவ்வாண்டு இந்தப் பேச்சு வந்தது. தெரிந்தவர் ஒருவர் வந்து, "பாதியாகப் போடுங்கள் அண்ணா, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்று யோசனை சொன்னார். அம்மா என்னைப் பார்த்தார்கள். அப்பா விண்ணப்பத்தை வாங்கி, ஓவர்டைம் பணத்தையும் சேர்த்து முழுத் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வரம்பைத் தாண்டி விட்டதால் உதவித்தொகை வரவில்லை. கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டினோம். இரண்டாவது தவணை டிசம்பரில் முடிந்தது.