யார்டு எண்ணினால் போதுமா? டூயல் த்ரெட் குவாட்டர்பேக் பஞ்சாயத்து

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பந்தை எறியவும் தெரிந்து, தானே தூக்கிக்கொண்டு ஓடவும் தெரிந்த குவாட்டர்பேக்கை 'டூயல் த்ரெட்' என்பார்கள். இவர்களில் யார் பெஸ்ட் என்று பட்டியல் போடுவது அங்கே தீராத பொழுதுபோக்கு. பெரும்பாலான பட்டியல்கள் ஒரே ரகம்தான். எறிந்த யார்டு இத்தனை, ஓடிய யார்டு இத்தனை, கூட்டு, வரிசைப்படுத்து. வேலை முடிந்தது!

அப்படிப் போட்டால் லமார் ஜாக்சன் முன்வரிசையில் வந்து உட்காருவார். லூயிவில் அணிக்காக 2016ல் எறிந்து 3,543 யார்டு, ஓடி 1,571 யார்டு. ஹெய்ஸ்மன் விருதும் அவருக்கே. திறமையில் சந்தேகமே இல்லை. ஆனால் முதலிடம்? அங்கேதான் உதைக்கிறது.

முதல் விஷயம், அந்தக் கணக்கே கோணல். எறியப் போகும்போதே குவாட்டர்பேக்கை எதிரணி அமுக்கிவிட்டால், இழந்த தூரத்தைக் கல்லூரி ஆட்டத்தில் அவர் ஓடிய கணக்கிலிருந்து கழிக்கிறார்கள். என்.எஃப்.எல்.லில் அது எறிந்த கணக்கில் போகும். 2016 நவம்பரில் ஹூஸ்டன் அணி ஜாக்சனை 11 முறை அமுக்கியது. அத்தனையும் அவர் 'ஓடி இழந்ததாக' ஏட்டில் ஏறியது. ஆக, இந்தக் கணக்கு ஜாக்சனுக்கே நியாயம் செய்யவில்லை!

இரண்டாவது இன்னும் மோசம். 2002க்கு முன்பு, சீசன் முடிந்து நடக்கும் பௌல் ஆட்டங்கள் அதிகாரபூர்வக் கணக்கில் சேரவே சேராது. நெப்ராஸ்காவின் டாமி ஃப்ரேசியர் 1996 ஜனவரி ஃபியெஸ்டா பௌலில் ஃப்ளோரிடாவுக்கு எதிராக 199 யார்டு ஓடினார். அதில் ஒரே ஓட்டம் 75 யார்டு. முடிவு 62-24, சாம்பியன் பட்டம். ஆனால் சீசன் கணக்கில் அந்த 199 கிடையாது. எண்களை மட்டும் பார்ப்பவர்கள் ஃப்ரேசியரை மறந்துபோவதில் ஆச்சரியம் என்ன?

சரி, எதை வைத்துத்தான் அளப்பது? பெயரிலேயே பதில் இருக்கிறது. த்ரெட் என்றால் ஆபத்து. எறிவானா ஓடுவானா என்று தெரியாமல் எதிரணி திணற வேண்டும். அதுவும் தோற்றால் எல்லாம் போச்சு என்ற நேரத்தில், வலுவான அணிக்கு எதிராகத் திணற வேண்டும். அந்தக் கணக்கில் வரிசை இப்படித்தான் வரும்:

1. வின்ஸ் யங் (டெக்ஸஸ், 2005)
2. கேம் நியூட்டன் (ஆபர்ன், 2010)
3. டாமி ஃப்ரேசியர் (நெப்ராஸ்கா, 1995)
4. லமார் ஜாக்சன் (லூயிவில், 2016)
5. டிம் டீபோ (ஃப்ளோரிடா, 2007)

2006 ஜனவரி 4, ரோஸ் பௌல். தொடர்ந்து 34 ஆட்டங்கள் வென்று வந்த யு.எஸ்.சி. அணி 38-26 என்று முன்னிலை. மிச்சம் ஏழு நிமிடம்கூட இல்லை. அங்கிருந்து யங் இரண்டு டச்டவுன் ஓடினார். கடைசி ஓட்டம் நான்காவது டவுனில், 19 நொடி மிச்சமிருக்கும்போது. 41-38. மொத்தத்தில் எறிந்து 267, ஓடி 200. அந்த வருட ஹெய்ஸ்மன் மட்டும் எதிரணியின் ரெஜி புஷ்ஷுக்குப் போயிருந்தது :-)

நியூட்டன் சளைத்தவரா? இல்லை. அலபாமாவிடம் 24-0 என்று பின்தங்கி, 28-27 என்று வென்றவர். 14-0 சீசன். ஆனால் இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஆபர்னைக் கரை சேர்த்தது மைக்கேல் டயரின் ஓட்டமும் ஒரு ஃபீல்டு கோலும். யங்குக்கு அந்த உதவி தேவைப்படவில்லை. இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

டீபோ ஒரே சீசனில் 32 டச்டவுன் எறிந்து 23 ஓடியவர். அப்படி 20-20 தொட்ட முதல் ஆள். ஆனால் அந்த சீசனில் அணிக்கு நான்கு தோல்வி. ஜாக்சனின் அணிக்கும் நான்கு, அதில் மூன்று கடைசி மூன்று ஆட்டங்களில். "அணி சப்பை, அவர் என்ன செய்வார்?" என்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் பட்டமில்லாமலே அவர் நான்காவது.

"யங் என்.எஃப்.எல்.லில் சோபிக்கவில்லையே, ஜாக்சன் 2019லும் 2023லும் எம்.வி.பி. ஆனாரே" என்பது அடுத்த சப்பைக்கட்டு. பட்டியல் கல்லூரி ஆட்டத்துக்கு. பிளஸ் டூ ரேங்க்கைப் பத்து வருடம் கழித்து வாங்கும் சம்பளத்தை வைத்தா போடுவார்கள்?